முப்பது நோன்பும் பிடித்த பிள்ளை

நம்முடைய வகுப்புக்காரிகளின் வாட்ஸ்அப் குழுவில் போன கிழமை ஒரு படம் வந்தது. நம்மில் ஒருத்தியின் மகளுடைய பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு. எல்லாப் பாடத்திலும் ஏ. கணிதத்தில் மட்டும் பி. கீழே தாய் எழுதியிருந்தாள்: “நோன்போட எழுதின புள்ள, அதான் கொறஞ்சிட்டு. பெரிய ஸ்கூல்ல கணிதப் பிரிவு கிடைக்குமோ தெரியா. துஆச் செய்ங்க.” நீங்கள் எல்லோரும் ஆமீன் போட்டீர்கள். நானும் போட்டேன். போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்த வசனம் எனக்குத் தெரியும். என்னைப் பற்றி என் வாப்பா அதே வசனத்தைச் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். அதற்குப் பிறகு நடந்ததை உங்களில் ஒருத்திக்கும் நான் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். எனக்கு அலங்காரமாக எழுத வராது. பிடிக்காதவர்கள் வாசிக்க வேண்டாம்.

போன வருடம் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வாசிக்கக் கண்ணாடி வேண்டும், படி ஏறினால் முழங்கால் பிடிக்கிறது. பெரியபிள்ளையான பிறகு முதன்முறையாக இந்த ரமழானில்தான் முப்பது நோன்பையும் விடாமல் பிடித்தேன். ஆனால் வாப்பாவின் கணக்கில் நான் பதினாறு வயதிலேயே முப்பதும் பிடித்தவள்.

நாம் சாதாரண தரம் எழுதிய அந்த மாரியும் நோன்பும் ஒன்றாக வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கல்முனை முழுக்க ஈரம். தோய்த்த உடுப்புக் காயாது. வெள்ளைச் சீருடையை உம்மா அடுப்படியில் கயிறு கட்டிப் போடுவா, அதனால் நாம் பரீட்சை மண்டபத்தில் புகை நாற்றத்தோடு இருந்தோம். மாவடிப்பள்ளித் தாம்போதிக்கு, அந்தத் தாழ்ந்த பாலத்துக்கு, மேலால் வெள்ளம் போய், அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் உழவு இயந்திரப் பெட்டியில் நின்றுகொண்டு பரீட்சைக்கு வந்தார்கள். நான் பொறியியலாளராக வந்து அந்தத் தாம்போதியை உயர்த்திக் கட்டுவேன் என்று வாப்பா பஜாரில் சொல்லித் திரிந்தார். அவருக்கு அங்கே ஹாட்வெயார் கடை. சீமெந்தும் ஆணியும் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் கதை. கணக்கில் நான் வகுப்பில் முதலாவது. அதுவும் பொய்யில்லை.

நம்முடைய கரையில் அந்த நாளில் பெண்பிள்ளைகளுக்குக் கணிதப் பிரிவு இருந்தது அந்தப் பெரிய பாடசாலை ஒன்றில் மட்டும். கணிதத்தில் விசேட சித்தி, இப்போதைய ஏ, இல்லாத பிள்ளையை அங்கே எடுக்க மாட்டார்கள். கிடைக்காவிட்டால் கலைப் பிரிவு. கலைப் பிரிவென்றால் ஒரு வருடம் போய்வருவது, பிறகு கல்யாணம். எங்கள் வளவுக்குள்ளேயே எனக்கென்று வீடு எழும்பிக்கொண்டிருந்தது. நம்முடைய பக்கத்தில் பெண்ணுக்குத்தானே வீடு. சுவர் கூரை வளை மட்டத்துக்கு வந்துவிட்டது. வாப்பாவின் தங்கை, மாமி, வரும்போதெல்லாம் அந்தச் சுவரை உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பா. “ஓடு போட்டா மாப்பிள பாக்கலாம்,” என்பா. அவ தட்டுகிற சத்தம் கேட்டால் நான் கணக்குக் கொப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போவேன்.

இனி வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இப்போது இல்லையென்று எவளாவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

மாதவிடாய் நாளில் நமக்கு நோன்பில்லை. மார்க்கம் தெளிவாகச் சொன்ன சட்டம். விட்டதைப் பிறகு பிடித்துத் தீர்க்கலாம். அல்லாஹ் தந்த சலுகையை நாம் வீட்டு ஆண்களுக்கு மறைத்தோம். விடிய முதல் ஸஹருக்கு அவர்களோடு எழும்பினோம், அவர்களோடு சோறும் தயிரும் வாழைப்பழமும் சாப்பிட்டோம். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூட அவர்கள் கண்ணில் படக் குடிக்கவில்லை. பின்னேரம் பாங்கு சொல்லும்போது அவர்களோடு குந்தியிருந்து பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தோம். இல்லாத நோன்பைத் திறந்தோம்.

எனக்கு இதைப் பழக்கியது உம்மா. “ஆம்புளைகளுக்குத் தெரியப்படாது. தெரிஞ்சா மரியாதை இல்ல,” என்றா. அவ்வளவுதான் விளக்கம். பசித்தால் விறகுக் கொட்டிலுக்குள் போய்த் தின்ன வேண்டும். பழைய சோற்றைக் கோப்பையில் போட்டு, மேலே ஒரு துணியை மூடி உம்மா கொண்டுவந்து வைப்பா. ஒருநாள் எனக்கு மூத்தவன், காக்கா, கொட்டில் வாசலில் வந்து நின்றான்.

“என்ன கா, உள்ளுக்க என்ன செய்றாய்?”

“விறகெடுக்கன்.”

“கணக்குல புலி, விறகெடுக்க இவ்வளவு நேரமா? வாயில என்ன?”

“ஒண்டுமில்ல.”

“அப்ப கதையன் பாப்பம்.”

வாய்க்குள் சோறு. நான் கதைக்கவில்லை. காக்கா சிரித்துக்கொண்டு போனான். அவன் வாப்பாவிடம் சொல்வானோ என்று அன்று முழுக்கப் பயந்து கிடந்தேன். சொல்லவில்லை. அவனுக்கு விளங்கியதா, நான் களவாகத் தின்கிறேன் என்று நினைத்தானா, இன்றைக்கும் தெரியாது.

வாப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. நோன்பு திறக்கிற பாயில் அவர் என் தலையைத் தொட்டு, “ஒரு நோன்பும் உடல்லதானே மகள்?” என்பார். நான் உம்மாவைப் பார்ப்பேன். உம்மா கஞ்சியைக் கலக்குவா. “ஓம் வாப்பா,” என்பேன். மறுநாள் கடையில் அது கதையாகப் போகும்: பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, ஒரு நோன்பு விடவில்லை. அவர் கலியாணம் முடித்து இருபது வருடத்துக்கு மேல். உம்மா பெருநாளைக்குப் பிறகு விட்ட நோன்புகளைப் பிடிப்பது அவருக்குத் தெரியும். மகளுக்கும் அதே உடம்புதான் என்பது மட்டும் அவர் புத்தியில் ஏறவில்லை. ஏறவிடவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

கணிதப் பாடத்தின் இரண்டாம் பத்திரம் எழுதப் போகிற அன்று ஸஹர் நேரத்தில் எனக்கு வந்துவிட்டது. வயிற்றுக்குத்து என்றால் சும்மா குத்து இல்லை. முதுகெலும்பைப் பிடித்து முறுக்கியதுபோல இருந்தது. சாப்பாட்டுப் பாயில் இருக்க வேண்டும், இருந்தேன். ஒரு பிடிதான் இறங்கியது.

உம்மா என்னைக் குசினிக்குள் இழுத்து மடித்த சீலைத் துணியைத் தந்தா. பஞ்சு வாங்குவதென்றால் கடையில் ஆணிடம் கேட்க வேண்டும், ஆகவே வாங்கியதில்லை. “கெட்டியா வெச்சிக்க. வெள்ள உடுப்பு,” என்றா. பிறகு என் நீலக் கொம்பாசுப் பெட்டியைத் திறந்து, கவராயத்துக்குப் பக்கத்தில் இரண்டு பேரீச்சம்பழத்தை ஒரு கடதாசியில் சுற்றி வைத்தா. “இடையில எங்கயும் ஒழிச்சித் தின்னு.”

“எங்க ஒழிக்கிற? வாப்பா ஸ்கூல் கேட்டடிலதான் நிப்பாரு.”

“அப்ப தின்னாத,” என்றா. அவவுக்கும் வேறு வழி தெரியவில்லை.

மழை. வாப்பாவின் மோட்டார்சைக்கிள் சீட் ஊறிப்போயிருந்தது. அவர் தன் சாரத்து நுனியால் துடைத்துவிட்டு, “ஏறு புள்ள,” என்றார். மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திக்கொண்டு போனோம். இறங்கும்போது என் உடுப்பின் பின்பக்கம் முழுக்க ஈரம். அந்த ஈரம் மழையா, மற்றதா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்க ஏலாது. தொட்டுப் பார்க்க ஏலாது. மூன்று மணித்தியாலம் அந்த ஈரத்துக்கு மேல்தான் இருந்தேன்.

மண்டபத்துக்குப் பொறுப்பாக வந்தவர் வெளியூர் வாத்தியார், முஸ்லிம் அல்லாத தமிழர், நல்ல மனிசன். பரீட்சை தொடங்க முதல் ஒவ்வொருத்தியின் பெட்டியையும் திறந்து, துண்டுக் கடதாசி இருக்கிறதா என்று பார்த்தார். என் பெட்டியில் கடதாசிச் சுருளைக் கண்டு பிரித்தார். பேரீச்சம்பழம்.

“என்ன பிள்ளை, நோன்பு திறக்கவா? இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு,” என்று பகிடியாகக் கேட்டார். அவருக்கு அது வெறும் பகிடி. மண்டபம் முழுக்கக் கேட்டது. முஸ்லிம் பிள்ளைகள் ஒருத்தியும் சிரிக்கவில்லை. எல்லாத் தலையும் குனிந்தது. எல்லோருக்கும் விளங்கிவிட்டது. என் காது சுட்டது. மூடியை நானே மூடினேன். மூடும்போது விரல் நசுங்கியது. அந்தப் பெட்டியைப் பிறகு எறும்பு மொய்த்தது, பிறகு எங்கே போனதென்று தெரியாது. நீலப் பூச்சு உரிந்த அந்த மூடியின் கூர் மட்டும் விரலில் நினைவிருக்கிறது.

கேள்விகள் எனக்குத் தெரிந்தவை. அதுதான் ஆத்திரம். கேத்திரகணிதம் செய்தேன், வட்டி செய்தேன். இடைக்கிடை வயிற்றை மேசை விளிம்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினேன். வரைபுக் கேள்வி வந்தது. பரவளைவு. நான் நித்திரையிலும் வரைவேன். ஆனால் வரைபுத்தாள் வேண்டுமென்றால் எழுந்து நிற்க வேண்டும், அது அந்த மண்டபத்து ஒழுங்கு. எழுந்து நின்றால் எனக்குப் பின்னால் நான்கு வரிசை. அந்த வாத்தியார் வந்து பக்கத்தில் நிற்பார். வெள்ளை உடுப்பு.

கையை உயர்த்தினேன். “எழும்பிக் கேளுங்கோ பிள்ளை,” என்றார், தூரத்தில் நின்று.

கையை இறக்கினேன்.

கோடு போட்ட விடைத்தாளிலேயே, கைப்பட, பரவளைவை வரைந்தேன். அளவும் இல்லை, கட்டமும் இல்லை. புள்ளி கிடைக்காதென்று தெரிந்துதான் வரைந்தேன். விடை எழுதிய தாளும் முடிந்தது. மேலதிகத் தாள் கேட்கவும் எழும்ப வேண்டும். கேட்கவில்லை. கடைசிக் கேள்வி முழுக்க விட்டேன். மணி அடித்த பிறகு எல்லோரும் போகும்வரைக்கும் கதிரையிலேயே இருந்து, கடைசியாக எழும்பிக் கதிரையைப் பார்த்தேன். வெறும் மழைத் தண்ணீர். ஒரு பொட்டுக் கறைகூட இல்லை.

கேட்டடியில் வாப்பா அந்த மழைக்குள் அதே இடத்தில் நின்றார். தாடியில் தண்ணீர் வடிந்தது. “எப்பிடி?” என்றார்.

“நல்லம் வாப்பா.”

“நோன்போட எழுதின புள்ள,” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

பெறுபேறு வர மாதக்கணக்கு இருந்தது. நமது ஊர் வழக்கப்படி அதற்கு முதலே உயர்தர டியூஷன் தொடங்கிவிட்டது. வாப்பா என்னை இணைந்த கணிதத்துக்குச் சேர்த்தார். நான் முன் வாங்கில் இருந்து வகையீடு படித்தேன், திரிகோணகணிதம் படித்தேன். ஒவ்வொரு நாளும் பயம். டியூஷன் வாத்தியார் பலகையில் வரைபு கீறும்போதெல்லாம் எனக்கு வியர்க்கும். கேள்வி விட்டதை வீட்டில் சொல்லலாம் என்று பலமுறை வாயெடுத்தேன். சொன்னால் ஏன் தாள் கேட்கவில்லை என்று வாப்பா கேட்பார். அதற்கு மறுமொழி சொல்ல ஏலாது. ஆகவே முதலாவதையும் சொல்லவில்லை.

பெறுபேறு வந்தது. கணிதம் திறமைச் சித்தி. மற்றதெல்லாம் விசேட சித்தி. இப்போதைய பிள்ளைகளுக்கு ஏ, பி, சி. நமக்கு அந்த நாளில் விசேடத்துக்குக் கீழே உடனே திறமைதான், நடுவில் ஒன்றுமில்லை.

வாப்பா அடிக்கவில்லை, ஏசவில்லை. சாப்பிடாமல் படுத்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. காக்கா மட்டும், “இஞ்சினியர் மேடம், கடையில சீமந்து மூட்ட எண்ணவாவது வருமா?” என்றான். உம்மா அவனுக்குக் கரண்டியால் ஓங்கினா. மாமி வந்து சுவரைத் தட்டினா. “அல்லாஹ் நல்லதத்தான் செய்வான். ஓட்ட போடுங்க,” என்றா. அன்றிரவு உம்மா என் தலையைத் தடவிக்கொண்டு கிடந்தா. அவவுக்குத் தெரியும். அந்தக் காலையைப் பற்றி அவவும் ஒரு சொல் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு வாப்பாவுக்கு ஒரு தகவல் கிடைத்தது. அந்தப் பெரிய பாடசாலை அதிபர், கணிதத்தில் குறைந்த பிள்ளைகளையும் நேர்முகத்துக்குக் கூப்பிடுகிறாராம். நியாயமான காரணம் இருந்தால் ஒன்றிரண்டு இடம் கொடுப்பாராம். வாப்பா வெள்ளைச் சேர்ட்டை அயன் பண்ணச் சொன்னார்.

அதிபரின் அறையில் இரண்டு பேர். அதிபர், கணிதப் பிரிவுக்குப் பொறுப்பான டீச்சர். டீச்சருக்கு அப்போது இன்றைய என் வயது இருக்கும். அதிபர் என் பெறுபேற்றைப் பார்த்தார்.

“மத்ததெல்லாம் விசேடம். கணிதத்துல என்ன நடந்த?”

நான் வாயைத் திறக்க முதல் வாப்பா தொடங்கிவிட்டார்.

“சேர், நான் ஹாட்வெயார்க்காரன், எனக்குப் படிப்புத் தெரியா. ஆனா இந்தப் புள்ளயத் தெரியும். இவ கணக்குல கொறயிற புள்ள இல்ல. நோன்போட எழுதினா சேர். அந்த மழைக்குள்ள, பச்சத் தண்ணி இல்லாம. முப்பது நோன்பும் புடிச்ச புள்ள.”

“முப்பதுமா?”

“வல்லாஹி, முப்பதும்.”

அல்லாஹ்வின் மேல் சத்தியம் செய்துவிட்டார்.

“மாஷா அல்லாஹ்,” என்றார் அதிபர். “இந்தக் காலத்துல பொடியன்மாரே பாதியில உடுறானுகள். டீச்சர், பாருங்க.”

டீச்சர் பார்க்கவில்லை. அவ பேனை மூடியைக் கழற்றி, திரும்பப் போட்டா. நன்றாக யோசித்துப் பாருங்கள். இரண்டு ஆண்கள், இரண்டு பேருக்கும் மனைவி உண்டு, பிள்ளைகள் உண்டு. அதிபருக்கு மூன்று பெண்பிள்ளைகள். இருவரும் ஒரு பதினாறு வயதுப் பெண்பிள்ளை மாதம் முழுக்க நோன்பு பிடித்தாள் என்று சந்தோஷப்பட்டுத் தலையாட்டுகிறார்கள். அந்த அறையில் அது நடக்காத காரியம் என்று தெரிந்தவர்கள் டீச்சரும் நானும். நாங்கள் இருவரும் நிலத்தைப் பார்த்தோம்.

அதிபர் எழுதினார். “விசேட காரணம் எண்டு ரெண்டு இடம் வெச்சிருக்கன். ஒண்டு ஒங்கட மகளுக்கு.”

வெளியே வாங்கில் நம்முடைய வகுப்புக்காரி ஒருத்தி இருந்தாள். யாரென்று உங்களுக்குத் தெரியும், பெயர் வேண்டாம். அவளுக்கும் என்னைப்போலவே கணிதத்தில் மட்டும் திறமை. பக்கத்தில் அவளுடைய உம்மா. தகப்பன் இல்லை. அந்த மனிசி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தவ, அன்றைக்கும் கையில் மா காய்ந்திருந்தது. அவவின் வாய்க்கு ஊரே பயம்.

“என்ன கா கேக்காங்க?” என்றாள் வகுப்புக்காரி.

வாப்பா இரண்டு எட்டு முன்னால் போய்விட்டார். நான் குனிந்து, “முப்பது நோன்பும் புடிச்சிட்டுத்தான் எழுதின எண்டு சொல்லு. இடம் தருவாங்க,” என்றேன்.

உம்மாக்காரிக்குக் கேட்டுவிட்டது.

“என்னது, முப்பதா?” என்று சிரித்தா. “பொம்புளப் புள்ளைக்கு முப்பது எங்க இருந்து கா வரும்? நீ என்ன ஆம்புளயா?”

வாப்பா நின்றார். திரும்பினார். அந்த முகத்தை நான் இன்னும் சில நாளில் காண்கிறேன். கோபம் இல்லை. கடையில் நிறுத்துக் கொடுத்த ஆணி குறைவென்று ஆரோ சொல்லிவிட்டதுபோல ஒரு முகம்.

“மகள், நீ முப்பதும் புடிச்சதானே?”

நான் பெறுபேற்றுத் தாளை மடித்தேன்.

“கணக்குப் பாடத்தண்டைக்கி?”

இன்னும் ஒருமுறை மடித்தேன். அவருடைய காது சிவந்தது. அவருக்கு விளங்கிவிட்டது. இவ்வளவு காலமும் விளங்காதது ஒரு நொடியில் விளங்கியது.

“நான் அல்லாஹ்வில சத்தியம் செஞ்சிட்டனே,” என்றார், மெதுவாக.

“வாப்பா, போவாணாம். வாங்க ஊட்ட போவம்.”

“பொய்ச் சத்தியத்துல கெடச்ச இடத்துல நீ படிச்சி என்னத்துக்கு?”

அவர் உள்ளே போனார். நான் பின்னால் ஓடினேன்.

“சேர், நான் சொன்னது பிழை. தெரியாம சொல்லிட்டன். புள்ள முப்பதும் புடிக்கல்ல. அண்டைக்கும் நோன்பில்லையாம்.”

அதிபர் கண்ணாடியைக் கழற்றினார். “ஏன் புடிக்கல்ல?”

வாப்பா வாயைத் திறந்தார். பஜாரில் லொறிச் சத்தத்துக்கு மேலால் கத்துகிற மனிசன். சத்தம் வரவில்லை.

“அது… சுகமில்ல சேர்.”

“காய்ச்சலா?”

“இல்ல.”

“வயித்தோட்டமா?”

“அப்பிடித்தான். இல்ல, அப்பிடியில்ல.”

“மெடிக்கல் சேட்டிபிக்கட் இருக்கா?”

“இல்ல சேர்.”

அதிபரின் முகம் மாறியது. அவர் என்னைப் பார்த்தார். “நீ சொல்லு மகள். என்ன சுகமில்ல?”

நான் டீச்சரைப் பார்த்தேன். அவவின் கண்ணும் என் கண்ணும் சந்தித்தன. அவவுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியும் என்று அவவுக்கும் தெரிந்தது. அவ பர்தாவைச் சரிசெய்துகொண்டு சன்னலைப் பார்த்தா.

“வயித்துக் குத்து சேர்,” என்றேன்.

“வயித்துக் குத்துக்கு நோன்ப உடுறதா?” அவர் அடிமட்டத்தை எடுத்து என் பெயருக்கு மேலால் கோடு கீறினார். கோபத்தோடு கீறவில்லை. நேராக, ஒழுங்காக. “காரணம் இல்லாம நான் எழுத ஏலா. நாளைக்கி மத்தப் புள்ளைகள்ட தாய் தகப்பன் கேட்டா நான் என்ன சொல்ற?”

அவர் கெட்ட மனிசன் இல்லை. வாப்பாவும் கெட்ட மனிசன் இல்லை. உண்மை சொல்லத்தான் வாப்பா திரும்பிப் போனார், பாதியில் நின்றுவிட்டார். மீதிப் பாதிதான் எனக்குத் தேவையாக இருந்தது. அதைவிட நல்ல காரணம் உலகத்தில் இல்லை.

வெளியே வந்தோம். வகுப்புக்காரியும் அவளுடைய உம்மாவும் உள்ளே போனார்கள். வாப்பாவுக்கு நடக்க முடியவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவு பாதி திறந்து கிடந்தது. அந்த மனிசியின் குரலுக்குக் கதவு தேவையுமில்லை.

“சேர், என்ட புள்ளைக்கு அண்டைக்கு ஹைளு. பொம்புளைகளுக்கு மாசாமாசம் வாறது. வயித்துக் குத்துல சுருண்டு சுருண்டுதான் எழுதினவ. நோன்பும் இல்ல. அல்லாஹ்வே புடிக்காத எண்டு சொன்ன நாள். அதுக்குப் போய் மெடிக்கல் கேட்டா நான் துணியத்தான் கொண்டாரணும்.”

உள்ளே ஒரு கதிரை இழுபட்டது. யாரோ இருமினார்கள், டீச்சராக இருக்க வேண்டும். பிறகு அதிபர், மிக வேகமாக: “சரி, சரி, விளங்கிட்டு. டீச்சர், எழுதுங்க. விசேட காரணம். எழுதுங்க.”

அவள் வெளியே வந்தாள். முகம் வெட்கத்தில் சிவந்து, அழுகை வருகிற மாதிரி. ஆனால் இடம் கிடைத்துவிட்டது. உம்மாக்காரி எங்களைப் பார்க்காமல், “நட கா, மாவப் போட்டுட்டு வந்த,” என்று அவளை இழுத்துக்கொண்டு போனா.

“வாப்பா,” என்றேன். “எனக்கும் அதுதான். இன்னும் ஒரு இடம் இரிக்கி. போய்ச் சொல்லுங்க.”

அவர் கதவைப் பார்த்தார். வாங்கில் வேறு தகப்பன்மார் வந்து இருந்தார்கள். அதில் ஒருவர் கடைக்கு வருகிறவர், வாப்பாவுக்குச் சலாம் சொன்னார். வாப்பா பதில் சலாம் சொன்னார். பிறகு மோட்டார்சைக்கிளை நோக்கி நடந்தார்.

வீட்டு வாசலில் உம்மா நின்றா. “கெடச்சா?” என்றா.

“இல்ல.” வாப்பா செருப்பைக் கழற்றாமல் நின்றார். “அண்டைக்கு இவளுக்கு நோன்பில்ல எண்டது ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் எனக்குச் சொல்லல்ல?”

“நீங்க கேக்கல்லயே.”

“இதெல்லாம் கேக்கிற கதையா?”

“அப்ப சொல்லிற கதையா?” என்றா உம்மா.

அதற்குமேல் அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. மறுநாள் பெயர்ப்பட்டியல் ஒட்டினார்கள். நான் கலைப் பிரிவுக்குப் போனேன், ஓடும் போட்டார்கள், மாமியின் ஆசைப்படி மாப்பிள்ளையும் வந்தார். பிறகு ஒருநாள் அந்த வகுப்புக்காரியைக் கல்முனைச் சந்தையடியில் கண்டேன். கணிதப் பிரிவு எப்படி என்று கேட்டேன். கஷ்டம் என்றாள். வகுப்பில் அவளுக்குப் பக்கத்துக் கதிரை வருடம் முழுக்கக் காலியாகவே கிடக்கிறதாம். விசேட காரணத்துக்கென்று வைத்த இரண்டாவது இடம். வந்த தகப்பன்மார் ஒருவரும் காரணம் சொல்லி அதைக் கேட்கவில்லையாம். அவள் தன் புத்தகப் பையை அதில் வைக்கிறாளாம்.